புயல்காற்றுக் கடற்கரையில் பறவை பார்க்க: 8×42 பைனாகுலரும் 100-400 லென்ஸும், பல பருவங்களுக்குப் பிறகு

இலையுதிர்காலத்தில் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று பலமாக வீசும் நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மற்ற நாட்களில் கரைப்பக்கமே தலைகாட்டாத ஷியர்வாட்டர், ஸ்குவா, புயல் பெட்ரல் போன்ற ஆழ்கடல் பறவைகள் அப்போதுதான் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும். அந்த நாட்களுக்காகவே வாங்கிய ஒரு 8×42 பைனாகுலரையும், 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் மாட்டிய மிரர்லெஸ் கேமராவையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முக்கியமாகத் தெரிகிற அம்சங்கள் வேறு, உப்புக்காற்றில் கைகொடுக்கிற அம்சங்கள் வேறு.

முதலில் பைனாகுலர். 10 மடங்கு வாங்கினால் பறவை இன்னும் பெரிதாகத் தெரியுமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். பலத்த காற்றில் பறவையோடு சேர்ந்து கையின் ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்பதுதான் சிக்கல். 8 மடங்கில் படம் ஓரளவு நிலையாக நிற்கிறது, பார்வைப் பரப்பும் அகலமாக இருக்கிறது. இன்னொன்று வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டமான 42 மி.மீ.-ஐ உருப்பெருக்கமான 8-ஆல் வகுத்தால் வரும் 5.25 மி.மீ.தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம். 10×42-இல் அது 4.2 மி.மீ. கருமேகம் கவிந்த விடியற்காலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அகலமான பார்வை எதற்கு என்பதை ஷியர்வாட்டரைத் தொடர்ந்து பார்த்தால் புரியும். இறக்கையை அடிக்காமல் விறைப்பாக விரித்தபடி மேலேறும், சாய்ந்து திரும்பும், சரிந்து அலைப்பள்ளத்துக்குள் மறையும். நீர்மட்டத்தை ஒட்டிக் காற்று மெதுவாகவும், சற்று மேலே வேகமாகவும் வீசுகிறது. இந்த வேக வித்தியாசத்திலிருந்துதான் பறவை தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்கிறது; 1883-லேயே ரேலி பிரபு இதை விளக்கிவிட்டார். பார்க்கிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மறைந்த இடத்தையே உற்றுப் பார்க்காமல், அது போகும் திசையில் கொஞ்சம் முன்தள்ளிப் பைனாகுலரை வைத்துக் காத்திருந்தால் பறவை தானாகப் பார்வைக்குள் எழுந்து வரும். குறுகலான பார்வையில் இது அத்தனை எளிதல்ல.

நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட பைனாகுலர் என்பதால் இதுவரை உட்பக்கம் ஆவி படிந்ததே இல்லை. உண்மையான எதிரி வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தெறித்த துளி காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வளையமாகப் படிந்துவிடும். அதைக் காய்ந்த துணியால் துடைப்பது, கண்ணாடிப் பூச்சின் மேல் உப்புக்கல்லை வைத்து உரசுவதற்குச் சமம். வீடு திரும்பியதும் குழாயை மெதுவாகத் திறந்து நல்ல தண்ணீரில் காட்டுகிறேன், துணியை அதற்குப் பிறகுதான் எடுப்பேன். முழுமையாக நீர்ப்புகாத பைனாகுலருக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்திலுள்ள கண்குவளையைத் திருகும்போது நறநறவென்று சத்தம் வந்தால் மணலும் உப்பும் உள்ளே ஏறிவிட்டன என்று பொருள். அதையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

லென்ஸை அப்படிக் குழாயடியில் காட்ட முடியாது. 'வெதர் சீலிங்' என்று போட்டிருந்தாலும் அது தூறலையும் தூசியையும் தாங்குவதற்குத்தான். என்னுடையது நீண்டு சுருங்கும் ஜூம். ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கடற்கரையில் அந்தக் காற்றோடு உப்பீரமும் சேர்ந்தே போகும். அதனால் கரையில் 400-இல் வைத்துவிட்டு ஜூம் வளையத்தைத் தொடுவதே இல்லை. முன்கண்ணாடிக்கு ஒரு பாதுகாப்பு ஃபில்டர் நிரந்தரமாக உண்டு. மற்ற இடங்களில் ஃபில்டர் வேண்டாம் என்பேன், இங்கே அது அவசியம். இத்தனை வருடங்களில் தேய்மானம் என்று பார்த்தால் ஜூம் வளைய ரப்பர் தளர்ந்திருக்கிறது, ட்ரைபாட் வளையத் திருகுகளில் துரு ஏறியிருக்கிறது. படத்தின் கூர்மை குறையவில்லை.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கேமராவிடம் விட்டால் ஏமாற்றம்தான். கருமேகத்தின் முன்னால் வெள்ளை ஆலா பறந்தால் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். வெளிறிய வானத்தில் கறுத்த ஸ்குவா வந்தால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். மேகமூட்ட நாளில் பறவையின் மேல் விழும் ஒளி பெரிதாக மாறுவதில்லை. எனவே மேனுவல் முறையில் வெள்ளை இறகு வெளுக்காத அளவுக்கு ஒருமுறை அமைத்துவிட்டு, ஒளி மாறினால் மட்டும் திருத்துகிறேன். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேண்டும், அதற்காக ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை கூட்டத் தயங்குவதில்லை. பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அருமையான வசதிதான், ஆனால் பறவை சிறிதாகத் தெரியும்போது அலை நுரையைப் பிடித்துக்கொண்டு அதை விடவே விடாது. ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரைத் தொலைதூரத்துக்கு மாற்றி வைத்தால் தேடி அலைவது குறையும்.

உட்காரும் இடமும் பாதிப் படத்தைத் தீர்மானிக்கிறது. இறகு கலையாமல் இருக்கக் கரைப்பறவைகள் காற்றைப் பார்த்தபடி நிற்கும். கடற்காற்றில் நேர் பின்னால் உட்கார்ந்தால் முதுகுதான் கிடைக்கும். காற்றுக்குப் பக்கவாட்டில், பாறை மறைவில், அலை நனைக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே தாழ உட்கார வேண்டும். சாண்டர்லிங் என்ற சிறிய கரைப்பறவைகள் அலையைத் துரத்திக்கொண்டே அருகில் வந்துவிடும். அவற்றுக்குப் பின்விரல் கிடையாது, ஈரமணலில் மூன்று விரல் தடம் மட்டுமே பதியும். இலையுதிர்காலத்தில் வரும் இளம் பறவைகளின் முதுகில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டியது போலிருக்கும், படத்துக்கு அவ்வளவு அழகு.

அருகில் வருகின்றனவே என்று நாம் எழுந்து நெருங்கக் கூடாது. 2022 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் (bar-tailed godwit என்ற கரைப்பறவை) ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. கரையில் நாம் பார்க்கும் வலசைப் பறவைகளில் பலவும் இப்படிப்பட்ட பயணத்தின் நடுவில் இருப்பவைதான். ஓதம் ஏறிய நேரத்தில் கூட்டமாக ஒதுங்கி நிற்பவற்றை ஒருமுறை கிளப்பிவிட்டாலும் அவை சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகும். தலையை உயர்த்தி நம்மைப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுகிறேன். அதற்கு மேல் எந்தப் படமும் எனக்கு வேண்டாம்.

குளிரிலிருந்து கதகதப்பான அறைக்கு வந்ததும் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் முழுக்க ஈரம் படியும். அடுத்து லென்ஸ் வாங்கினால் நீளாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் வகையைத்தான் வாங்குவேன். பைனாகுலரை மாற்றும் எண்ணம் இல்லை, கண்குவளைகளை மட்டும் இந்தப் பருவத்துக்கு முன் புதிதாகப் போட வேண்டும்.