நுண்ணுயிர் உரம்: ஐந்தாண்டு அனுபவம்

முதல் ஆண்டு முழுத் தோல்வி. குற்றம் என்னுடையதுதான். பூஞ்சாணக் கொல்லியில் புரட்டிய விதை மேலேயே வேரழுகல் போன்ற நோய்களைத் தடுக்கும் டிரைக்கோடெர்மாவையும் பூசினேன். அதுவும் ஒரு பூஞ்சாணம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கி நானே கொன்றேன்.

இரண்டாம் ஆண்டு, அதுவரை சோயா விதைத்தே அறியாத நிலத்தில் சோயா போட்டேன். பயறுவகை வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தேன். மூன்று வரிசையை மட்டும் பூசாமல் விட்டேன். நாற்பதாம் நாள் அந்த மூன்று வரிசையும் வெளிறி நின்றன, மற்றவை கரும்பச்சை. செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்துப் பார்த்தேன். பூசிய செடியின் வேரில் கொத்துக் கொத்தாய் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால்தான் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கிறது என்று பொருள். பூசாத செடியில் முடிச்சைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அதே நிலத்தில் மீண்டும் சோயா. இம்முறை பூசிய வரிசைக்கும் பூசாத வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. பாக்கெட் ஏமாற்றிவிட்டது என்று முதலில் நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் இரண்டிலும் முடிச்சு! முந்தைய ஆண்டின் பாக்டீரியா மண்ணிலேயே தங்கிவிட்டிருந்தது. அதன் பிறகு அந்த நிலத்துக்கு ஆண்டுதோறும் வாங்குவதில்லை. தட்டைப்பயறுக்கும் அப்படித்தான்: அதற்கேற்ற பாக்டீரியா என் மண்ணில் முன்பே இருந்தது போலும், பூசியதில் பயன் தெரியவில்லை.

மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லம் என்ற வேர்ப்பகுதி பாக்டீரியாவைப் போட்டேன். சல்லிவேர் அடர்த்தியாக ஓடியது உண்மை. அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளின் வேலை அது. ஆனால் யூரியாவை நிறுத்திப் பார்த்த துண்டில் விளைச்சல் இறங்கிவிட்டது. யூரியாவுக்கு மாற்று என்று சொல்லி விற்பவர்களை நான் நம்புவதில்லை. மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவுக்கு என் நிலத்தில் வேலையே இல்லை, எளிதில் கிடைக்கும் மணிச்சத்தே ஏராளம்.

வேர்ப்பூஞ்சாணமான வேம், தக்காளி நாற்றங்காலில் நன்றாகக் கைகொடுத்தது. நட்ட பின் நாற்று வாடி விழுவது குறைந்தது. முட்டைக்கோசுக்கும் இட்டுப் பார்த்தேன், வீண். அந்தக் குடும்பப் பயிர்கள் இந்தப் பூஞ்சாணத்தோடு உறவே வைத்துக்கொள்வதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

வாங்கும்போது காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. ஒருமுறை தகரக் கொட்டகைச் சூட்டில் வேகவைத்த ரைசோபியம் பாக்கெட்டை ஒரு கடைக்காரர் கொடுத்துவிட்டார். தேதி சரியாக இருந்தது. ஒரு முடிச்சுகூட வரவில்லை. இப்போது பாக்கெட் எங்கே இருந்தது என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

இந்தப் பருவம் புதிதாக எடுத்த துண்டில் சோயா போட்டிருக்கிறேன். இங்கும் மூன்று வரிசை பூசாமல் விட்டாயிற்று. தோண்டிப் பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.