மினி பிசிக்குப் புதிய வைஃபை கார்டு: ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210, மீடியாடெக் – இன்டெல் ஏஎம்டி (AMT) எதில் நிலைக்கிறது?

திருச்சியில் பெற்றோர் வீட்டு மாடியறையில் ஒரு பழைய மினி பிசி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 புராசஸரும் க்யூ370 சிப்செட்டும் கொண்ட, அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட ரகத்தைச் சேர்ந்த சிறு பெட்டி அது. குடும்பப் படங்களின் காப்பும் வாசல் கேமராவின் பதிவும் அதில்தான் இருக்கின்றன. நான் இருப்பது பெங்களூரில். மின்சாரம் போய் வந்த பிறகு அந்தப் பெட்டி பயாஸ் திரையிலேயே நின்றுவிட்டால், அதை இங்கிருந்தே பார்த்துச் சரிசெய்ய எனக்கிருக்கும் ஒரே வழி, இன்டெலின் விப்ரோ (vPro) என்ற வணிக வகை இயந்திரங்களில் உள்ள ஏஎம்டி (AMT) என்ற தொலைநிலை மேலாண்மை வசதி. வீட்டில் வைஃபை 6 ரவுட்டர் மாட்டியதும் பெட்டியிலிருந்த 9560 என்ற இன்டெல் வைஃபை கார்டை மாற்ற நினைத்தேன். எதை வாங்குவது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான், வேகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏஎம்டி கைவிட்டுப் போகும் என்பது தெரிந்தது. மூன்று மாதங்கள் பலவற்றை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, விப்ரோ வகை இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டை நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறேன். என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. இத்தகைய பெட்டிகளில் இருக்கும் ஐ219-எல்எம் என்ற கம்பிவழி இணைப்புச் சில்லு வழியாக ஏஎம்டி தானாகவே இயங்கும். வைஃபை கார்டு எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழ்த்தளத்தில், பெட்டி மாடியில். சுவரைத் துளைக்க அப்பாவுக்கு மனமில்லை. ஆகவே ஏஎம்டியும் வைஃபை வழியாகத்தான் வரவேண்டும் என்பது என் நிபந்தனை. இந்த அலசல் முழுவதும் அந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் ஓடுகின்றன. அந்த அகலத்தில் இரண்டு ஆன்டெனா கொண்ட 9560 கார்டின் இணைப்பு வேகம் 867 மெகாபிட். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டுக்கும் 1201 மெகாபிட். ஏஎக்ஸ்210க்குக் கூடுதலாக 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உண்டு, ஆனால் ரவுட்டரிலும் அது இருந்தால்தான் பயன். என் ரவுட்டரில் அது இல்லை. ஆகவே வேகத்தில் இந்த இரண்டு கார்டுகளுக்கும் இடையே எனக்குத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஏஎம்டி என்பது விண்டோஸுக்குள் ஓடும் மென்பொருள் அல்ல. சிப்செட்டுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிச் சிறு கணினியில், அதற்கே உரிய ஃபர்ம்வேரில் (வன்பொருளிலேயே பதிந்த நிரலில்) ஓடுவது. அதனால்தான் விண்டோஸ் உறைந்தாலும், கணினியே அணைந்திருந்தாலும், மின்கம்பி மட்டும் செருகியிருந்தால் அது பதில் சொல்கிறது. விண்டோஸ் இல்லாத நேரத்தில் வைஃபை கார்டை இயக்கவேண்டிய பொறுப்பும் அந்த எஞ்சினிடமே வந்துவிடுகிறது. அப்போது விண்டோஸின் டிரைவர் உதவிக்கு வராது; கார்டை இயக்கத் தேவையான மைக்ரோகோடு என்ற சிறு நிரலை எஞ்சின் தன் ஃபர்ம்வேருக்குள்ளேயே, டபிள்யூகாட் என்ற தனிப் பகுதியில், வைத்திருக்கவேண்டும். எந்தக் கார்டுக்கான மைக்ரோகோடு அங்கே இல்லையோ, அந்தக் கார்டு விண்டோஸில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஏஎம்டியின் கண்ணுக்குத் தெரியாது. இதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. பெட்டியின் விவரக் குறிப்பிலும் இருப்பதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது: கார்டும் ஃபர்ம்வேரும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாக இருக்கவேண்டும். என் பெட்டியில் இருப்பது ஏஎம்டி 12. 2019இல் வந்த ஏஎக்ஸ்200, அதே ஏஎம்டி தலைமுறையைச் சேர்ந்த வணிக லேப்டாப்களில் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்த கார்டு. ஏஎக்ஸ்210 அதற்கு அடுத்த ஆண்டின் இறுதியில், பதினோராம் தலைமுறைக் கணினிகளோடு வந்தது. புதியது, 6 கிகாஹெர்ட்ஸ் உள்ளது, விலையிலும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்பதால் எல்லோருக்கும் முதலில் கை போவது அதன் மேல்தான். எனக்கும் அப்படித்தான் போனது. நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். விண்டோஸ் உடனே அடையாளம் கண்டது, இணையம் சீராக ஓடியது. ஆனால் 16992 என்ற போர்ட்டில் திறக்கும் ஏஎம்டியின் வலைப்பக்கத்தில், இடப்பக்கப் பட்டியலில் எப்போதும் இருந்த வயர்லெஸ் அமைப்புகள் என்ற வரியே காணாமல் போயிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எம்இஇன்ஃபோ (MEInfo) என்ற இன்டெலின் சிறு கருவியை நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையில் ஓட்டினால், நீண்ட பட்டியலின் நடுவே வயர்லெஸ் பற்றிய சில வரிகள் வரும். ஃபர்ம்வேரில் இருக்கும் மைக்ரோகோடு எந்தக் கார்டுக்கானது, உண்மையில் பொருத்தியிருக்கும் கார்டின் எண் என்ன, இரண்டும் பொருந்துகின்றனவா என்பதை அவை தனித்தனியே சொல்லும். ஏஎக்ஸ்200 என்றால் எண் 2723, ஏஎக்ஸ்210 என்றால் 2725. ஏஎக்ஸ்210 இருந்தபோது பொருந்தவில்லை என்றே வந்தது. ஏஎக்ஸ்200 பொருத்திய முதல் நாளும் அதே பதில்தான்; ஆனால் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் கடைசி எம்இ (மேனேஜ்மென்ட் எஞ்சின்) ஃபர்ம்வேர் தொகுப்பை மீண்டும் ஒருமுறை நிறுவி, மின்கம்பியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டுச் செருகியதும், இரண்டு எண்களும் 2723 என்று ஒன்றாகின. வயர்லெஸ் வரியும் வலைப்பக்கத்துக்குத் திரும்பியது.

ஏஎக்ஸ்200 வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கார்டு விப்ரோ உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாக விற்கப்படுகிறது. ஆர்டர் எண்ணின் இறுதியில் என்வி என்ற இரண்டெழுத்து இருந்தால் அது விப்ரோ இல்லாதது. கார்டின் மேல் ஒட்டியிருக்கும் மாதிரிப் பெயரோ இரண்டிலும் ஒன்றுதான்; ஆகவே விற்பனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இணையத்தில் நான் முதலில் வாங்கிய கடை, விப்ரோ உண்டு என்று எழுதியிருந்தும் என்வி வகையைத்தான் அனுப்பியது. திருப்பி அனுப்பிப் பணம் வர இரண்டு வாரங்கள் ஆயின. அடுத்ததாக, விப்ரோ லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றிய கார்டை, அந்த லேப்டாப்பின் மாடலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினேன். புதிய கார்டைவிட இப்படிக் கழற்றிய கார்டே இந்த விஷயத்தில் நம்பகமானது என்பது என் கருத்து. பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று கடைசி எண் ஒன்றில் முடிபவை சிஎன்விஐ வகை. அவற்றின் பாதி வேலை சிப்செட்டுக்குள் நடப்பதால், அதற்குரிய தலைமுறைக் கணினியில் மட்டுமே ஓடும். அதே ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்துவிடும் என்பதால் ஏமாறவேண்டாம்.

மீடியாடெக்கின் எம்டி7921, எம்டி7922 கார்டுகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லினக்ஸ் கர்னலிலேயே அவற்றுக்கு டிரைவர் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் உருவாக்க இன்டெல் கார்டுகள் இடம் தராத நிலையில், இவை அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் இன்டெல் ஏஎம்டி இன்டெல் கார்டோடு மட்டுமே வைஃபையில் பேசும். கேபிள் உள்ளவர்களுக்கு இவை நல்ல தேர்வு; எனக்கு அல்ல. வைஃபை 7 கொண்ட இன்டெல் பிஇ200 கார்டை நான் கையாளவில்லை என்றாலும், மேலே சொன்ன காலப்பொருத்தக் கணக்கில் அது என் பெட்டிக்கு ஏஎக்ஸ்210ஐவிடத் தொலைவில் இருக்கிறது. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியைக் கொண்டு செய்யும், திரையையும் விசைப்பலகையையும் நெட்வொர்க் வழியாகத் தரும் வெளிப்புற ஐபி கேவிஎம் கருவி எந்தக் கணினிக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு விலை அதிகம், இன்னொரு மின்செருகியும் வேண்டும்.

பழைய 9560 கார்டையே வைத்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான், அதில் ஏஎம்டிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பழைய ரவுட்டரே போதும் என்பவர்கள் அதைத் தொடவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கார்டு மாறினால் கூடவே மாறுபவை சில உண்டு. வைஃபையில் ஏஎம்டி டிஎச்சிபி வழியாக, அதாவது ரவுட்டர் தானாகத் தருவதாக, மட்டுமே முகவரி பெறும். நிலையான முகவரியை அதில் எழுத முடியாது. ஆகவே ரவுட்டரில் அந்தக் கார்டின் தனி அடையாளமான மேக் எண்ணுக்கு முகவரியை ஒதுக்கிவைப்பது வழக்கம். புதிய கார்டுக்கு மேக் எண் வேறு என்பதால் அந்த ஒதுக்கீட்டை மாற்றவேண்டும். நான் இதை மறந்து ஒரு மாலை முழுவதும் தவறான முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஏஎம்டிக்குள் தனியாகச் சேர்க்கவேண்டும். விண்டோஸில் இருப்பது அதற்குத் தெரியாது. கணினியை மறுதொடக்கம் செய்யும்போது கார்டு விண்டோஸிடமிருந்து எஞ்சினுக்குக் கைமாறுவதால் தொலைத்திரை சில விநாடிகள் அறுந்து பிறகு சேரும். கேபிளில் இந்த இடைவெளி இல்லை. திரை எதுவும் இணைக்காத பெட்டியில் தொலைத்திரை கறுப்பாகவே இருக்கும் என்பதால், போலித் திரைச்செருகி ஒன்றை எச்டிஎம்ஐயில் மாட்டிவைத்திருக்கிறேன். பெட்டியில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் வைஃபை ஏஎம்டியை நம்பவேண்டாம். எஞ்சினோடு கார்டைப் பகிர்ந்துகொள்ள 2022இல் 5.17 கர்னலில் சேர்க்கப்பட்ட ஐடபிள்யூஎல்எம்இஐ (iwlmei) என்ற டிரைவர் பின்னர் பழுதுள்ளதாகக் குறிக்கப்பட்டுவிட்டது.

பாதுகாப்பு பற்றி ஒன்று கட்டாயம். 2017 மே மாதத்தில் வெளியான ஏஎம்டி பாதுகாப்புக் குறைபாட்டில், கடவுச்சொல் சரிபார்ப்புக்கு வெற்று மறுமொழியைக் கொடுத்தே உள்ளே நுழைய முடிந்தது. ஆகவே ஏஎம்டியின் போர்ட்டுகளை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. நான் வீட்டு ரவுட்டரில் உள்ள விபிஎன் வழியாக உள்ளே வந்த பிறகே அதைத் தொடுகிறேன்.

பொருத்தும் வேலை பத்து நிமிடம்தான். ஆன்டெனாக் கம்பியின் நுனியில் உள்ள பொத்தான் அரிசியளவுகூட இல்லை. நேராக மேலே வைத்து நகத்தால் அழுத்தினால் மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும், சாய்த்து அழுத்தினால் நசுங்கும். மூடியைத் திருகுவதற்கு முன் கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டு, நெட்வொர்க் கேபிள் எதுவும் செருகாமல், கைப்பேசியிலிருந்து 16992 பக்கத்தைத் திறந்து, அங்கிருந்தே அதை இயக்கிப் பாருங்கள். அணைந்த கணினி அப்படி எழுந்தால் மட்டும் கடைசித் திருகை முடுக்குங்கள்; எழாவிட்டால் கழற்றிய பழைய கார்டு இன்னும் மேசையிலேயே இருக்கும்.