சிலிகேட் மினரல் கிட் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் நில்லுங்க

ஜியாலஜி படிக்கிற பசங்க, ப்ராக்டிகலுக்கு வீட்லயே கல்ல வச்சு பழகலாம்னு நினைக்கறவங்க, புள்ளைக்கு சயின்ஸ் கிஃப்ட்னு கல்லுப்பெட்டி வாங்கித் தர்ற அப்பா அம்மாங்க, எல்லாருக்கும் தான் இந்தப் பதிவு. "24 ஒரிஜினல் சிலிகேட் மினரல்ஸ், லேப் சர்டிஃபைடு, டெஸ்டிங் டூல்ஸ் உடன்" அப்படின்னு 4,200 ரூபாய்க்கு ஒரு கிட் விக்கிறாங்க. அதுல 9 கல்லு ஸ்டிக்கர்ல போட்டிருக்கற கல்லே இல்ல. அந்த ஒம்பதுலயும் சிலது சிலிகேட்டே (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேந்து உருவான மினரல்) கிடையாது.

கடை பேர போடல. போட்டும் பிரயோஜனம் இல்ல, அதே போட்டோவ வச்சு அதே பெட்டிய வேற வேற பேர்ல விக்கிறாங்க. அடையாளம் மட்டும் சொல்றேன்: ப்ரவுன் கலர் மரப்பெட்டி, உள்ள கருப்பு ஃபோம், ஒவ்வொரு குழிக்கும் நம்பர் ஸ்டிக்கர், தங்கக் கலர்ல சீல் அடிச்ச ஒரு சர்டிஃபிகேட், கூட ஒரு சின்ன புக்லெட். டூல்ஸ்னு ஒரு இரும்பு ஆணி, ஒரு செம்புத் துண்டு, ஒரு வெள்ளை ஸ்ட்ரீக் பிளேட் (கல்ல தேச்சு பொடியோட கலர பாக்கற தட்டு). இந்த டூல்ஸ ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி ஒரு கூத்து இருக்கு.

நான் எம்.எஸ்சி ஜியாலஜி முடிச்சிட்டு கிரானைட் லைன்ல இருக்கேன், தங்கச்சி இப்ப தான் பி.எஸ்சி சேந்திருக்கா. காலேஜ்ல ஒரு ஸ்பெசிமன சுத்தி பதினஞ்சு பேர் நிக்கறாங்களாம், கையில எடுத்து திருப்பிப் பாக்கறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிருதாம், அதான் அவளுக்காக ஆர்டர் பண்ணது. பெட்டி வந்த அன்னிக்கே அவ தான் மொதல்ல கேட்டா, "அண்ணா, குவார்ட்ஸுக்கு கிளீவேஜே இல்லன்னு மேடம் சொன்னாங்க, இது எல்லாப் பக்கமும் சாய்வா வழுவழுன்னு வெட்டின மாதிரி இருக்கே?"னு. கிளீவேஜ்னா கல்லு குறிப்பிட்ட தளத்துல வழுவழுன்னு சீரா உடையற குணம். வாங்கிப் பாத்தேன். நல்லா தெளிவா கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஆனா அதுக்குக் கீழ ஒரு பேப்பர வச்சு பென்சில் கோடு போட்டுப் பாத்தா ஒரு கோடு ரெண்டு கோடா தெரியுது. கால்சைட். செம்புத் துண்டாலயே கீறல் விழுந்துச்சு, சுரண்டின பொடியில எலுமிச்சம்பழச் சாறு விட்டா பொசுபொசுன்னு நுரைக்குது. அவங்க புக்லெட்லயே குவார்ட்ஸுக்கு நேரா "ஹார்ட்னஸ் 7" னு அச்சடிச்சிருக்கான், கையில இருக்கற கல்லுக்கு 3 (ஹார்ட்னஸ்னா கீறல எவ்ளோ தாங்கும்ங்கற அளவு, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும்). கால்சைட் கார்பனேட், அதுல சிலிக்கானே இல்ல. நம்மூர்ல ரோட்டோரமா வெங்கச்சாங்கல்லுன்னு கெடக்கே, அதான் குவார்ட்ஸ், காசே இல்லாம கெடைக்கிற கல்லு, அதக்கூட ஒழுங்கா வைக்க முடியல பாருங்க.

அதுக்கப்புறம் மீதி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்தோம்.

ஆலிவின்னு ஒரு பச்சைக் கல்லு. பாட்டில் பச்சை, ஒரே சீரா இருந்துச்சு, அப்பவே சந்தேகம் தான். ஆலிவின் பெரும்பாலும் சின்ன சின்ன மணியா சேந்து தான் கெடைக்கும், சேலம் மேக்னசைட் மைன்ஸ் பக்கம் இருக்கற டியூனைட்ட (பெரும்பகுதி ஆலிவினாவே இருக்கற பாறை) பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா மணியா இல்லங்கறதால மட்டும் போலின்னு சொல்லிட முடியாது, பெரிய கிரிஸ்டலும் உண்டு. உடைஞ்ச எடம் சிப்பி மாதிரி வளைஞ்சிருக்கறதும் ஆதாரம் ஆகாது, ஆலிவினும் அப்படித்தான் உடையும், கண்ணாடியும் அப்படித்தான் உடையும். ஆணியால கீறிப் பாத்தா கண்ணாடிக்கு அஞ்சரை, ஆணிக்கும் கிட்டத்தட்ட அதான், ஒரு முடிவுக்கு வரமுடியாது. அதனால எடை போட்டோம். சமையல்கட்டுல இருக்கற டிஜிட்டல் தராசு போதும். மொதல்ல கல்ல அப்படியே வச்சு எடை, 41.6 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணிய தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு, கல்ல நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியிலயும் ஓரத்துலயும் படாம தொங்கவிடணும். தராசு 16.5 காட்டுச்சு. அது கல்லு தள்ளுற தண்ணியோட எடை. 41.6ஐ 16.5ஆல வகுத்தா 2.52. அதாவது தண்ணிய விட இத்தன மடங்கு கனம், இதத்தான் ஸ்பெசிஃபிக் கிராவிட்டின்னு சொல்றது. ஆலிவின் எவ்ளோ கம்மின்னாலும் 3.2க்கு மேல இருக்கும், இரும்பு ஏற ஏற 4.4 வரைக்கும் போகும். 2.5ங்கறது சாதா கண்ணாடி. அப்புறம் ஹேண்ட் லென்ஸ்ல வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா உள்ள உருண்டையா குட்டிக் குமிழி. கண்ணாடிய உருக்கி ஊத்தினா தான் அது வரும்.

பெரில்னு வச்சிருந்ததும் பச்சை, எட்டு முகம், பிரமிட் ரெண்ட அடியோட அடி ஒட்டின ஷேப். பெரில்ல ஆறு சிலிக்கா டெட்ராஹெட்ரன் (நடுவுல ஒரு சிலிக்கான், சுத்தி நாலு ஆக்சிஜன்) கைகோத்து ஒரு வளையமா நிக்கும், அந்த வளையங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கும், அதனால தான் வெளியவும் ஆறு பட்டையோட தூண் மாதிரி வளருது. காங்கேயம் பக்கம் படியூர்ல 1819, 1820லயே தோண்டி எடுத்த அக்வாமெரினும் இந்த பெரில் தான். ஹார்ட்னஸ் ஏழரைல இருந்து எட்டு. எட்டு முகத்துல வந்த நம்ம கல்ல ஆணி சும்மா கீறிருச்சு. எடை போட்டா 3.18 கிட்ட வருது, பெரில் 2.7 தான். ஃப்ளூரைட். கால்சியம் ஃப்ளூரைடு, இதுவும் சிலிகேட் கிடையாது.

இதெல்லாம் கூட விட்டுடலாம், கலர பாத்து எவனோ தெரியாதவன் ஸ்டிக்கர் ஒட்டிட்டான்னு வச்சுக்கலாம். ஆனா 11ஆம் நம்பரும் 12ஆம் நம்பரும் தெரிஞ்சே பண்ணது. 11 ஆகைட், 12 ஹார்ன்பிளெண்ட். ரெண்டும் கருப்பு, ரெண்டும் அஞ்சரை ஆறு ஹார்ட்னஸ், எடையும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஜியாலஜி படிச்ச எல்லாரையும் மொதல் வருஷம் அழ வைக்கிற ஜோடி இது. பிரிக்கிறது ஒண்ணே ஒண்ணு, கிளீவேஜ் ஆங்கிள். ஆகைட்ல டெட்ராஹெட்ரன்கள் ஒத்தச் செயினா போகும், செயினுக்கும் செயினுக்கும் நடுவுல இருக்கற பாண்டு தான் வீக்கு, உடையறப்ப செயின அறுக்காம செயினுக்கு பக்கத்துல சுத்திட்டு உடையும், செயின் ஒடுக்கமா இருக்கறதால ரெண்டு உடைப்பும் கிட்டத்தட்ட செங்கோணத்துல, 87 டிகிரி 93 டிகிரில சந்திக்கும். ஹார்ன்பிளெண்ட்ல ரெண்டு செயின் பக்கவாட்டுல சேந்து பட்டையா அகலமா இருக்கும், அத சுத்திட்டு உடைஞ்சா ஆங்கிள் 56, 124னு சாஞ்சிரும். உள்ள அணு எப்படி நிக்குதுங்கறத கண்ணால பாக்கணும்னா இதவிட நல்ல உதாரணம் சிலிகேட்ல இல்ல, என்னய கேட்டா இந்த ஜோடிக்காகவே ஒரு கிட் வாங்கலாம்.

ஒரு அட்டைல ப்ரொட்ராக்டர் வச்சு 124 டிகிரிக்கும் 93 டிகிரிக்கும் ரெண்டு வெட்டு வெட்டி, லென்ஸ வச்சுக்கிட்டு பளபளன்னு இருக்கற ரெண்டு முகம் சேர்ற எடமா தேடித் தேடி பாத்தோம். 12ல 124 அழகா உக்காந்துச்சு, சரி. 11லயும் 124 தான் உக்காருது. திருப்பித் திருப்பி வச்சாலும் 93 வரவே இல்ல. அப்ப தான் தங்கச்சி ரெண்டு கல்லோட உடைஞ்ச பக்கத்தையும் பாத்துட்டு சும்மா விளையாட்டா சேத்து வச்சா, உடைச்ச தேங்காயோட ரெண்டு மூடி மாதிரி டக்குனு பொருந்திருச்சு. நடுவுல ஓடுற ஒரு வெள்ளை ஃபெல்ஸ்பார் கோடு கூட ஒரு கல்லுல ஆரம்பிச்சு அடுத்த கல்லுல தொடருது. ஒரே கல்ல சுத்தியலால ரெண்டா உடைச்சு ஒண்ணுக்கு ஆகைட்னும் இன்னொண்ணுக்கு ஹார்ன்பிளெண்ட்னும் பேர் வச்சிருக்கான். இத தெரியாம செய்ய முடியுமா?

கயனைட்டும் அப்படித்தான். நார் நாரா இருக்கற ஜிப்சத்துக்கு நீல சாயம், நெயில் பாலிஷ் ரிமூவர பஞ்சுல தொட்டு தேச்சா பஞ்சு நீலமா ஆயிருச்சு, சாயம் போன எடத்துல நகத்தாலயே கீறலாம். நிஜ கயனைட்ல நீளவாக்குல ஊசி கீறும், குறுக்குவாட்டுல கீறாது, ஒரே கல்லுல ரெண்டு ஹார்ட்னஸ், அதக் காட்டத்தான் ப்ராக்டிகல்ல அந்தக் கல்லையே வைக்கறது. டோபாஸ்னு இருந்தது வெறும் மஞ்சள் குவார்ட்ஸ். மூன்ஸ்டோன்னு இருந்தது பால் கலர் கண்ணாடி. மத்தத சொல்லி இழுக்கல.

நியாயமா சொல்லணும்னா சரியா இருந்ததும் உண்டு. மஸ்கோவைட், பயோடைட்ங்கற ரெண்டு மைக்காவும் (நம்ம காக்காப்பொன்) அசல், காக்காப்பொன்ன போலியா செஞ்சா தான் செலவு அதிகம், தாளு தாளா உரியுது, வளைச்சு விட்டா நிமிந்துக்குது. கார்னெட் நல்ல கல்லு, பன்னெண்டு முகமும் தெரியுது. டால்க்குன்னு வச்சிருந்தது நம்ம மாக்கல் தான், ஓகே. கருப்பு டூர்மலின்ல நீளவாக்குல வரி, வெட்டுமுகம் உப்பின முக்கோணம், அதுவும் சரி. ஆர்த்தோகிளேஸும் பிளேஜியோகிளேஸும் கூட மாறல. இந்த நல்ல கல்லுங்கள போட்டோல முன்னாடி வச்சு தான் ரிவ்யூ வாங்கியிருக்காங்க.

இப்ப அந்தக் கூத்து. வீடியோ எடுத்து அனுப்பினேன், கால்சைட்ல கோடு ரெண்டா தெரியறது, தராசு, பொருந்துற ரெண்டு கல்லு எல்லாம். கஸ்டமர் கேர்ல ஒருத்தர், "சார் இது நேச்சுரல் ப்ராடக்ட், கல்லுக்கு கல்லு ஹார்ட்னஸ் வேரி ஆகும்" ங்கறார். மூணுக்கும் ஏழுக்குமா வேரி ஆகும்னு கேட்டதுக்கு, "டெக்னிக்கல் டீம் கிட்ட ஃபார்வர்ட் பண்றேன் சார்". டெக்னிக்கல் டீம் பதில் ரெண்டு நாள்ல வந்துச்சு, "வீடியோவில் கற்களின் மேல் கீறல்கள் காணப்படுகின்றன, சேதமடைந்த பொருளை திரும்பப் பெற இயலாது". ஆணியையும் செம்பையும் பெட்டிக்குள்ள வச்சு, கீறிப் பாருங்கன்னு புக்லெட்ல படமும் போட்டு அனுப்பினது யாருன்னு கேட்டேன், சாட்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க. அப்புறம் 500 ரூபா கூப்பன் தர்றோம், நீங்க போட்ட ரிவ்யூவ எடுத்துருங்கன்னு மெசேஜ்.

இந்த எடத்துல தான் நிறைய பேர் மாட்டுவாங்க, அதனால நல்லா கேளுங்க. கல்ல கீறிட்டா ரிட்டர்ன் இல்லன்னு சொல்றதுக்கு ரெடியா இருக்காங்க. பெட்டி வந்தா மொதல்ல பார்சல் பிரிக்கறதுலருந்து வீடியோ எடுங்க, அப்புறம் கீறல் விழாத டெஸ்ட்ட மட்டும் பண்ணுங்க: எடை போட்டு ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, லென்ஸ்ல குமிழி, கிளீவேஜ் ஆங்கிள், கோடு ரெண்டா தெரியுதா, இதுலயே முக்காவாசி போலி வெளிய வந்துரும். கீறியே ஆகணும்னா உடைஞ்ச ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத எடத்துல. ஸ்ட்ரீக் பிளேட்ட நம்பி உக்காராதீங்க, சிலிகேட்ல பெரும்பாலும் வெள்ளையா தான் வரும், ரொம்ப கெட்டியானது பிளேட்டையே கீறிரும். புக்ல "காப்பர் காயின்" னு போட்டிருந்தா நம்ம சில்லறைய எடுத்து கீறாதீங்க, ஒரு ரூபா, ரெண்டு ரூபா காசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மத்ததும் சுத்த செம்பு கிடையாது, ரிசல்ட் தப்பா வரும், கரண்ட் ஒயர் உள்ள இருக்கற செம்புக் கம்பி போதும். வாங்கறதுக்கு முன்னாடியே "எந்த ஊர் கல்லு" னு எழுதிக் கேளுங்க. நேர்மையா விக்கறவர் பயோடைட் எங்க எடுத்தது, ஜியோலைட் புனே பக்கமா நாசிக் பக்கமான்னு சொல்லிருவார், இவங்க "இம்போர்ட்டட்" னு ஒரே வார்த்தையில முடிச்சாங்க.

பணத்துக்கு வருவோம். 1915க்கு ஃபோன் போட்டு நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன். 2020ல வந்த ஈ-காமர்ஸ் ரூல்ஸ்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருள திரும்ப எடுக்க மாட்டேன்னு செல்லர் சொல்லக்கூடாது, புகார் குடுத்தா 48 மணி நேரத்துல வந்துருச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். இந்த மூணையும் அப்படியே எழுதி அந்த ஆப்போட கிரீவன்ஸ் ஆபீசருக்கு மெயில் போட்டதும் தான் அசைஞ்சாங்க. புக்லெட்ல ஹார்ட்னஸ் போட்டிருந்த பக்கத்தையும் ஆணியோட படத்தையும் சேத்து அனுப்பினது நல்லதா போச்சு, அவங்க அச்சடிச்சதே அவங்களுக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு. 4,200ம் திரும்ப வந்துருச்சு, பெட்டியயும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஆனா கிட் இன்னும் விக்கிது. தலைப்புல "ஒரிஜினல்" ங்கறத "எஜுகேஷனல்" னு மாத்திட்டாங்க, விலை 3,900, போட்டோ அதே தான். லிஸ்டிங்க எடுக்கச் சொல்லி தனியா ஒரு புகார் ஓடிட்டிருக்கு. இந்த மரப்பெட்டி உங்ககிட்ட இருந்தா 11யும் 12யும் வெளிய எடுத்து உடைஞ்ச பக்கத்த சேத்து வச்சுப் பாருங்க, பொருந்திச்சுன்னா ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, புகாரோட சேத்துக்கறேன்.