கோடைகால ஸ்விம் டீம்: சில சீசன்கள் பார்த்த ஓர் அம்மாவின் அனுபவம்

வட வர்ஜீனியாவில் மே மாதம் பிறந்தால் நம் ஆட்களிடையே ஒரே கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். பக்கத்துக் குளத்தில் ஸ்விம் டீம் இருக்கிறதாம், பிள்ளையைச் சேர்க்கலாமா, இல்லை அந்தக் காசை நல்ல நீச்சல் வகுப்புக்கே கொடுக்கலாமா? என் மகள் எட்டு வயதுக்காரர்கள் பிரிவில் கடைசியாக வந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கி இப்போது பெரிய பிள்ளைகளோடு நிற்கும் வரைக்கும், நடுவில் அவள் தம்பியும் வந்து சேர்ந்துகொள்ள, எங்கள் வீட்டுக் கோடை அந்தக் குளத்தைச் சுற்றியேதான் ஓடியிருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், தாராளமாகச் சேருங்கள், ஆனால் நீச்சல் கற்றுக்கொள்வதற்காகச் சேர்க்காதீர்கள். இங்கே நடப்பது பந்தயம். அப்புறம் பிள்ளையை இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்து போன் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். பெயர் பிள்ளை பெயரில் இருந்தாலும் சேர்வது குடும்பமே.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இந்தப் பக்கத்து டீம்களில் பெரும்பாலானவை என்விஎஸ்எல் (நார்தர்ன் வர்ஜீனியா ஸ்விம்மிங் லீக்) என்கிற லீகில் இருக்கின்றன. 1956-ல் ஆரம்பித்தது, இன்றைக்கு நூறு குளங்களைத் தாண்டிவிட்டது. டிவிஷனுக்கு ஆறு டீம், ஒவ்வொரு டீமும் மற்ற ஐந்தோடும் ஐந்து சனிக்கிழமை மோதும், ஆறாவது சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து டிவிஷனல், அதற்கும் மேலே வேகமான பிள்ளைகளுக்கு ஆல் ஸ்டார்ஸ். ஜூலை முடிவோடு ஏறக்குறைய கதை முடிந்தது. வயதை ஜூன் 1 அன்று என்னவோ அப்படியே சீசன் முழுக்க எடுத்துக்கொள்வார்கள், அதனால் ஜூன் இரண்டாம் தேதி ஒன்பது வயதாகும் பிள்ளை அந்தக் கோடை முழுவதும் எட்டு வயதுக்காரர்களோடுதான் நீந்தும். பிறந்தநாளில் இப்படி ஒரு யோகம் இருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். போடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் மான்ட்கோமெரி கவுன்டிக்கென்று தனி லீக் இருக்கிறது, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பதினைந்து வயதில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய கேட்டி லெடெக்கி சின்ன வயதில் அங்கே ஒரு பேட்டைக் குளத்து டீமில் நீந்திய பெண்தான். இதைச் சொன்னதும் சில அப்பாக்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், வேண்டாம், அணைத்துவிடுங்கள். தொண்ணூற்றொன்பது சதவீதப் பிள்ளைகள் ரிப்பனுக்கும் டோனட்டுக்கும்தான் வருகிறார்கள், அது தப்பே இல்லை.

பணத்தைப் பற்றி. டீம் கட்டணம் எங்கள் குளத்தில் பிள்ளைக்கு இருநூறு டாலருக்குள் அடங்கிவிடும், இரண்டாவது பிள்ளைக்குக் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் அது மேலே தெரியும் செலவு மட்டும். குளத்தில் உறுப்பினராக இருந்தால்தான் டீமில் சேர முடியும், உறுப்பினர் கட்டணம் டீம் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கே குளம் இருந்தால் பிழைத்தீர்கள். டீம் நீச்சலுடை, கேப், தொலைத்துக்கொண்டே இருக்கும் காகிள்ஸ், வெயிலுக்கு ஒரு கூடாரம், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி என்று முதல் வருஷம் கை நீளும். காகிள்ஸ் மட்டும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், பந்தயத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் ஸ்ட்ராப் அறுந்துபோகும்.

பயிற்சி மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டிக் குளம் திறந்ததும் ஆரம்பம். பள்ளி முடியும் வரை சாயங்காலம், ஜூன் நடுவில் பள்ளி விட்ட பிறகு காலை. மே கடைசியில் சூடேற்றாத திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க் கிணற்றை வைத்து யோசிக்காதீர்கள், உதடு நீலமாகிப் பல் தந்தியடிக்கும். முதல் வாரத்திலேயே "எனக்கு வேண்டாம்மா" என்று அழும் பிள்ளைகளில் பாதிப்பேர் தண்ணீரின் குளிருக்குத்தான் அழுகிறார்கள், நீச்சலுக்கு அல்ல. ஜூன் பத்து வரை பொறுத்துப் பாருங்கள்.

இங்கேதான் என் பெரிய குறையும். ஒரு லேனில் ஏழெட்டுப் பிள்ளைகள், முக்கால் மணி நேரம், கரையில் இரண்டு கோச்சும் சில கல்லூரிப் பிள்ளைகளும். உங்கள் பிள்ளையின் கை தண்ணீருக்குள் எப்படித் திரும்புகிறது என்று தனியாகப் பார்த்துச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. ஒரு நீளம், அதாவது 25 மீட்டர், நிற்காமல் கயிற்றைப் பிடிக்காமல் நீந்தத் தெரிந்தால்தான் டீமில் எடுப்பார்கள், தெரியாத சின்னவர்களுக்குச் சில குளங்களில் முன்பயிற்சிக் குழு வைத்திருக்கிறார்கள். அதனால் குளிர்காலத்தில் உள்ளரங்கக் குளத்தில் வகுப்புக்கு அனுப்பி ஃப்ரீஸ்டைலும் பேக்ஸ்ட்ரோக்கும் வரவழைத்துவிட்டுக் கோடையில் இங்கே கொண்டு வருவது நல்லது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் பட்டர்ஃப்ளையும் டீமிலேயே தட்டுத்தடுமாறி வந்துவிடும், பக்கத்து லேன் பிள்ளை செய்வதைப் பார்க்கும்போது வரும் ரோஷத்துக்கு எந்த வகுப்பும் ஈடாகாது.

இரண்டு டீம்கள் கூடி மோதும் பந்தய நாளை மீட் என்பார்கள். சனிக்கிழமை நடப்பது ஏ மீட். ஒரு போட்டிக்கு ஒரு டீமிலிருந்து மூன்றே பேர், அந்த வாரம் வேகமாக இருக்கும் மூவர். ஒருவர் தனிப்போட்டி இரண்டுக்கு மேல் நீந்தக்கூடாது. ஆகவே சனிக்கிழமைப் பட்டியலில் உங்கள் பிள்ளை பெயர் வராமல் போக நிறைய வாய்ப்பு உண்டு, அதுவும் வருஷம் முழுக்க கிளப்பில் நீந்தும் பிள்ளைகள் கோடையில் இங்கே இறங்கும்போது மற்றவர்களுக்கு எட்டுவது கஷ்டம். பட்டியல் வரும் இரவு சில வீடுகளில் அழுகை கேட்கும், அம்மா அழுகையும் சேர்த்து. மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை மாலை பி மீட். என்னைக் கேட்டால் பி மீட்தான் இந்த லீகின் உயிர். அங்கே பிள்ளை யாரோடும் மோதுவதில்லை, தன் பழைய நேரத்தோடுதான் மோதுகிறது. என் மகன் ஆறு பேரில் ஆறாவதாக வந்துவிட்டு, நான்கு செகண்ட் குறைத்துவிட்டேன் என்று ஈரத்தோடு வந்து கட்டிப்பிடித்தபோது, மார்க் வாங்கும்போது "முதல் ரேங்க் யாருக்கு?" என்று கேட்டுப் பழகிய என் வாய்க்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சரி, பெற்றோர் வேலைக்கு வருவோம். இதைப் பற்றித்தான் சேரும் முன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு மீட்டில் மொத்தம் 52 போட்டிகள், ஆறு லேன், லேனுக்கு மூன்று பேர் ஸ்டாப்வாட்சோடு, மூன்று நேரங்களில் நடுவில் உள்ளதுதான் கணக்கு. பதினெட்டு பேர் நேரம் பிடிப்பதற்கே ஆயிற்றா? அப்புறம் ஸ்ட்ரோக் பார்க்கிறவர்கள், திரும்புவதைப் பார்க்கிறவர்கள், ஸ்டார்ட்டர், ரெஃபரி, சின்னப் பிள்ளைகளைப் பிடித்து வரிசையில் உட்காரவைக்கிறவர்கள், கணினியில் முடிவு ஏற்றுகிறவர்கள், ரிப்பன் ஒட்டுகிறவர்கள், தின்பண்டக் கடையில் நிற்கிறவர்கள். அத்தனை பேரும் அப்பா அம்மாக்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் குறைந்தால் சொந்தக்காரன் கையில் வாளியைக் கொடுப்பார்களே, அந்த மாதிரி கொடுத்துவிடுவார்கள். சீசனுக்கு இத்தனை முறை வேலை செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்து, செய்யாவிட்டால் பணம் பிடிக்கும் டீம்களும் உண்டு.

முதல் வருஷம் ஸ்டாப்வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் புதியவர்களுக்குச் சரியான வேலை. லேனுக்கு நேர் மேலே நிற்கிறீர்கள், பந்தயம் உங்கள் காலடியில் முடிகிறது, மேலே தண்ணீர் தெறிக்கும், ஜூலை வெயிலுக்கு அது வரம். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்தில் உங்கள் பிள்ளை நீந்தும் ஒரு நிமிஷம் மட்டும்தான் உங்களுக்கு. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று. வாட்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசித்தான் எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. வீடு வாங்கி வருஷக்கணக்கில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள், இன்று என் வீட்டுச் சாவி வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் கூடாரத்துக்குள் நமக்குள்ளேயே உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தமிழ் பேச வருஷம் முழுக்க நாள் இருக்கிறது.

என் கணவர் ஒரு படி மேலே போய்ப் பயிற்சி எடுத்து வெள்ளைச் சட்டை போட்டு ஸ்ட்ரோக் ஜட்ஜ் ஆகிவிட்டார், அதனால் டிக்யூ பற்றி எங்கள் வீட்டில் தினமும் உபன்யாசம். தகுதிநீக்கத்தைத்தான் எல்லோரும் டிக்யூ என்பார்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், கால் கத்தரிக்கோல் போல அடிக்கக்கூடாது. பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்தபடியே சுவரைத் தொட்டு முடிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் சுவர் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறேன் பேர்வழி என்று குப்புறக் கவிழ்ந்துவிடும், போச்சு. மேலே குறுக்கே தொங்கும் கொடிகள் அலங்காரத்துக்கு இல்லை, அதைப் பார்த்ததும் இன்னும் ஐந்து மீட்டர்தான் என்று கை வீச்சை எண்ண ஆரம்பிக்க வேண்டும், இந்த ஒன்றைப் பழக்கிவிட்டாலே பாதி டிக்யூ குறையும். ஏழு வயதுப் பிள்ளை ஜெயித்துவிட்டுக் குதித்துக்கொண்டிருக்கும்போது ஜட்ஜ் கை உயர்வதைப் பார்க்க மனசு கேட்காது. ஆனாலும் நேராகப் போய் ஜட்ஜிடம் சண்டை போட முடியாது, டீம் சார்பில் பேசும் டீம் ரெப் மட்டும்தான் ரெஃபரியிடம் கேட்கலாம். நல்ல ஏற்பாடு என்பேன். ஒரு முறை எதிர் டீம் அப்பா ஒருவர் என் கணவரிடமே குரலை உயர்த்த, அவர் மகள் ஓடி வந்து "அப்பா, நான் ஒரு கையால்தான் தொட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பெரிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வுக்கு அர்த்தமே இல்லை. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஏறிட்டும் பார்க்க மாட்டான். இங்கே பதினேழு வயதுக்காரன் மார்க்கரை எடுத்து சின்னதுகளின் கையில் போட்டி எண், லேன் எண் எழுதிவிடுகிறான், முதுகில் கிண்டலாக ஏதோ எழுதுகிறான், அது நீந்தும்போது கரையோடு கூடவே ஓடிக் கத்துகிறான். மீட்டின் கடைசிப் போட்டியே பத்து வயதுப் பொடியிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரே அணியாக நீந்தும் கலப்பு ரிலே. மொத்தம் 420 புள்ளியில் இரண்டு டீமும் இருநூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நாளில் அந்த ரிலேயைப் பார்க்க வேண்டும், யாருக்கும் தொண்டை மிஞ்சாது. வீட்டில் மூத்த பிள்ளை இல்லாத, சொந்தபந்தம் எல்லாம் கடல் தாண்டி இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு அண்ணன் அக்கா கூட்டம் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் இப்போது அந்த மார்க்கரைத் தான் பிடித்திருக்கிறாள், பதினைந்து முடிந்ததும் லைஃப்கார்ட் பயிற்சி எடுக்கப்போகிறாளாம்.

சில்லறை விஷயங்கள். பிள்ளை கருத்துத்தான் போகும், வீடியோ காலில் பாட்டி கேட்பார், கேட்டுவிட்டுப் போகட்டும். நீளமுடி உள்ள பெண்பிள்ளைகள் குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலையை நன்றாக நனைத்துவிட்டு கேப் போட்டால் முடி குளோரினைக் குறைவாகவே குடிக்கும். முழங்கால் வரை வரும் நீச்சலுடை போட்டாலும் எங்கள் டீமில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இடி கேட்டால் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும், இன்னொரு இடி வந்தால் மறுபடி முதலிலிருந்து முப்பது. இந்தப் பக்கத்து ஜூலை மாலைகளில் இது சகஜம், ஐஸ் பெட்டியில் தயிர்சாதம் கூடுதலாக வையுங்கள்.

கடைசியாக இந்தியப் பயணம். பள்ளி விட்ட மறுநாளே விமானம் ஏறும் குடும்பங்களுக்கு இந்த டீம் ஒத்துவராது, கட்டிய பணமும் வீண், கோச்சுக்கும் ரிலேக்கு ஆள் இல்லாத தலைவலி. ஜூலை கடைசி வரை இருந்து ஆகஸ்டில் போய் வர முடிந்தால் மட்டும் சேருங்கள், நாங்கள் அப்படித்தான் மாற்றிக்கொண்டோம், ஊரில் நடந்த ஒன்றிரண்டு கல்யாணங்கள் அதில் போனது போனதுதான், மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுவார். ஒத்துவரும் என்றால் குளிர்காலத்திலேயே பக்கத்துக் குளங்களின் உறுப்பினர் நிலவரத்தை விசாரித்து வையுங்கள், பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம், மே மாதம் போய் நின்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.