செல்ஃப் எடுக்காத டீசல் கார்: பேட்டரியை மாற்றும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் கார். வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எஞ்சின் மேல் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷத்தில் வழியில் நிறுத்தியதெல்லாம் ஸ்டார்ட்டிங் பக்கத்து மின்சாரக் கோளாறுகள்தான். ஒவ்வொரு முறையும் பார்க்கிறவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வசனம்: "அண்ணே, பேட்டரி போயிருச்சு, மாத்திருங்க."

சில சமயம் அது உண்மைதான். முதல் பேட்டரி நாலாவது வருஷக் கோடையில் நிஜமாகவே படுத்தது. நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவு உழைத்ததே பெரிது. ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ். முழுசாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். எனக்கு எட்டு வரை இறங்கியது. மாற்றினேன், சரியாகிவிட்டது.

அடுத்து வந்ததுதான் ஆளைச் சுற்றவிட்ட கோளாறு. காலையில் ஒரே சாவியில் கிளம்பும். நெடுந்தூரம் ஓட்டி டீக்கடையில் நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். எஞ்சின் பிடிக்காது. ஒரு ஒர்க் ஷாப்பில் மறுபடியும் பேட்டரி என்றார்கள், இன்னொன்றில் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் மீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை.

டீசல் எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 16, 17 என்று இருக்கும். பெட்ரோலில் பெரும்பாலும் 10, 11தான். அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியருக்கு மேல் சாதாரணமாக இழுக்கும். அவ்வளவு கரண்ட் ஓடும் பாதையில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். இவ்வளவு சின்ன தடையை மீட்டரில் ஓம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பீப் சத்தம் வரும், ஒயர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

வண்டி சூடாக இருந்தபோதே மைத்துனரை உள்ளே உட்காரவைத்து சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்த மீட்டர் 11.4 காட்டியது. செல்ஃப் திணறுகிறது, பேட்டரியோ தெம்பாக நிற்கிறது என்றால் நடுவில் எதுவோ கரண்டைத் தடுக்கிறது என்று அர்த்தம். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ மோட்டார் இறுகியிருந்தாலோ வோல்ட் படுத்திருக்கும்.

பிறகு மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் முனையின் ஈயத்தில் வைத்தேன். கிளாம்ப்பில் அல்ல, ஈயத்திலேயே வைக்க வேண்டும். இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கின் பெயிண்ட் இல்லாத இரும்பில். செல்ஃப் அடித்தால் 1.7 வோல்ட். கரண்ட் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பாதையில் வீணாகும் வோல்ட் இது, 0.3ஐத் தாண்டவே கூடாது. நெகட்டிவிலிருந்து பாடிக்கு வைத்தால் 0.1தான். ஆக, கோளாறு பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே. பேட்டரி தட்டுக்கு அடியில், கியர் பாக்ஸ் பக்கம் போகிற பின்னல் எர்த் ஒயர். மேலே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றியதும் செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, பாதி கையோடு உதிர்ந்து வந்தன. புது ஒயர் போட்டு, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். மீட்டர் 0.15க்கு வந்தது, வண்டி சூட்டிலும் ஒரே சாவியில் எடுத்தது. ஒயர் விலை புது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பாசிட்டிவ் பக்கமும் இதே வித்தைதான். பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் போதும்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், மோட்டார் சுற்றவே இல்லை. படபடவென்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி அல்லது டெர்மினல். ஒற்றை டக் என்றால் சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச் பக்கம் போக வேண்டும். அதன் மெல்லிய ஒயரில் 12 வோல்ட் வந்தது, அதனால் சாவி, ரிலே எல்லாம் சரி. வீல் ஸ்பேனரால் மோட்டார் மேல் லேசாகத் தட்டியதும் எடுத்தது. உள்ளே செம்புத் தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. எலக்ட்ரீஷியன் சொலினாய்டோடு மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் மாற்றிக் கொடுத்தார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை: கிராங்க் சென்சார், ரெயில் பிரஷர், டீசல் ஃபில்டர், இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு). அங்கே ஸ்கேனர் வைக்காமல் எதையும் கழற்ற விடாதீர்கள். குளிரில் எஞ்சினின் எரியறையைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் மேல் பழி போடுவதும் சமவெளியில் வீண்தான். ஊட்டியில் டிசம்பர் காலையில் வெள்ளைப்புகையோடு உதறிக்கொண்டு கிளம்பினால் அப்போது பார்க்கலாம்.

கடைசியாக, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் காலத்து வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி டைனமோவின் டயோடோ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவோ போய்விடும். ஓடும் வண்டியில் பேட்டரி மேல் மீட்டர் வைத்து 13.8 முதல் 14.5 வரை காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். ஸ்பேனரோடு குனிகிறவரை நான் இப்போதெல்லாம் கையைப் பிடித்தே நிறுத்திவிடுகிறேன்.