பிஸ்கட் பேணியும் 163 இசைத்தட்டுகளும்: இரண்டு வருடத்துக்கு மேல் கேட்ட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடல்பக்கத் தொடர்மாடி ஒன்றில் இருந்துகொண்டு இசைத்தட்டு சேர்ப்பது கொஞ்சம் விசர் வேலைதான். உப்புக்காற்று வரும், மழைக்காலத்தில் உறையெல்லாம் நமத்துப்போகும், கரையோர ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். இருந்தும் வீட்டில் 163 தட்டுகள் இருக்கின்றன. பாதி, கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த பெரியப்பா விட்டுப்போனவை. மிச்சம் மருதானைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் அலைந்து நான் வாங்கியவை.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை போனதே, அந்த நாட்களில் அம்மா அலுமாரியைப் பார்த்து, "உதெல்லாம் கேட்கிறதுக்கோ, வாங்கி அடுக்கிறதுக்கோ?" என்று கேட்டார். கரண்ட் இல்லாமல் எதைக் கேட்கிறது என்று சமாளித்தேன். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. (பெரியப்பாவிடம் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று இருந்தது. அந்த இருட்டில் ஓடியிருக்கக்கூடியது அது ஒன்றுதான், அதை எப்போதோ விற்றுவிட்டார்கள்.)

2023 ஆகஸ்டில் இதற்கு ஒரு வழி செய்தோம். ஒரு பழைய பிஸ்கட் பேணி, அதற்குள் மடித்த சீட்டுகள், ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரி. இரவு ஏழரைக்கு யாராவது ஒருவர் ஒரு சீட்டை எடுப்பார், அதில் எழுதியிருப்பதற்குப் பொருந்துகிற தட்டைத் தேடி ஒரு பக்கம் மட்டும் போட வேண்டும், எல்.பி. என்கிற பெரிய தட்டு என்றால் அது ஏறக்குறைய இருபது நிமிடம். நாலு வீடு சேர்ந்தது: நாங்கள், மேல்மாடிச் சிங்கள அங்கிள், கொட்டாஞ்சேனையில் அக்கா, டொராண்டோவில் மச்சாள். எங்களுக்கு இரவு ஏழரை என்றால் மச்சாளுக்குக் காலை பத்து, அங்கே குளிர்காலம் என்றால் ஒன்பது. சீட்டை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்புவோம், அவள் தன்னிடம் இருப்பதில் ஒன்றைப் போட்டுவிட்டுக் குரல் அனுப்புவாள்.

முதல் இரண்டு மாதம் படு தோல்வி. பிழை என்னுடையது, சீட்டுகளை எழுதியவன் நான். "மிகப் பிடித்த தட்டு", "மிகப் பிடித்த பாடகர்", "மிகப் பிடித்த இசையமைப்பாளர்" என்றே எழுதி நிரப்பியிருந்தேன். அறுபது நாளில் எங்கள் அலுமாரியிலிருந்து வெளியே வந்தவை பதினொரு தட்டுகள், திரும்பத் திரும்ப அதே பதினொன்று. பிடித்தது எது என்று கேட்டால் யாரும் அலுமாரியைத் திறந்து தேடுவதில்லை, எப்போதோ தயார் செய்து வைத்த பதிலைத்தான் நீட்டுகிறார்கள், அதுவும் மற்றவர்கள் பார்க்கும்போது கொஞ்சம் கௌரவமான பதிலாகப் பார்த்து நீட்டுகிறார்கள். மேல்மாடி அங்கிள் ஒருநாள் சீட்டை வாசித்துவிட்டு, "தம்பி, இது இன்டர்வியூ கேள்வி மாதிரி இருக்கு" என்றார். அன்றிரவே பேணியைக் கவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன்.

இம்முறை பிடித்தது, சிறந்தது என்ற சொற்களே கிடையாது. "உறைக்காக மட்டும் வாங்கியது." "இரண்டாம் பக்கம் ஒருபோதும் போடாத தட்டு." "உறையில் வேறு யாரோ பெயர் எழுதிய தட்டு." "மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கக்கூடியது." இப்படிக் குறுகலான, கொஞ்சம் கோணலான கேள்வியாக வைத்தால் ஆள் எழும்பி அலுமாரிப் பக்கம் போகிறார். வேறு யாரோ பெயர் எழுதிய தட்டு எங்களிடம் முப்பத்தொன்று இருப்பதே அந்தச் சீட்டு வந்த பிறகுதான் தெரியும். ஒன்றில் ஊற்றுப்பேனாவால் "திருமணப் பரிசு, 1974" என்று எழுதியிருக்கிறது. யாருடைய திருமணம், தட்டு எப்படி மருதானைக் கடைக்கு வந்தது, ஒன்றும் தெரியாது. அன்று பாட்டைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தோம்.

"உறையில் உள்ள சின்ன எழுத்தை வாசி" என்று ஒரு சீட்டு மகளுக்காகவே எழுதியது. எச்.எம்.வி. தட்டு உறையின் அடியில் டம் டம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தவில் சத்தத்தை ஏன் அப்பா இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் என்று ஓர் ஊர், அங்கேதான் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது என்று சொன்னேன். தவில் கதைதான் நல்லாயிருக்கு என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

"மொழி விளங்காத தட்டு" வந்த நாள் மறக்காது. அங்கிள் தன்னிடமிருந்த சூரியா லேபிள் 45 சுற்றுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார், கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் என்ற சிங்களப் பாட்டுக் குழு. பதிலுக்கு அம்மா எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாத எல்.பி.யைப் போட்டு, தன் சந்தைச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். விஷ்ணுவைத் துயில் எழுப்புகிறது என்று சொன்னதும் அங்கிள், "ஆ, எங்கட விஷ்ணு தெய்யோ!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அது சமஸ்கிருதம், எங்களுக்கும் முழுதாக விளங்காது என்பதையும் அம்மா ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

இன்னொரு விதி அம்மா போட்டது, இது இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் சப்பென்று போயிருக்கும். ஊசியை வைப்பதற்கு முன் அறிவிப்பு செய்ய வேண்டும்: படம், பாடியவர், இசை, இந்தத் தட்டு எங்கிருந்து நம் கைக்கு வந்தது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறிவிப்பு இல்லாத பாட்டு உப்பில்லாத கஞ்சி. (1967இல் அது கூட்டுத்தாபனமாகி எத்தனை வருடம், அம்மா இன்னும் ரேடியோ சிலோன் என்றுதான் சொல்வார்.) வெறும் உறைப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அறிவிப்பு தொடங்கிய பிறகு பதில் கேள்வி வந்தது, சண்டையும் வந்தது.

இனி கருவி. முதலில் மச்சாள் அனுப்பிய பழைய டர்ன்டேபிளைத்தான் பாவித்தேன். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230, ஒரு டிரான்ஸ்ஃபோமர் வாங்கி இறக்கினால் சரி என்று நினைத்தேன். தட்டைப் போட்டால் பெண்குரல் எல்லாம் தடிமன் பிடித்த ஆண்குரலாக வருகிறது. ஊசி பழுது, பெல்ட் பழுது என்று மூன்று வாரம் மினக்கெட்டேன். கடைசியில் பார்த்தால், அந்த வகை ஏ.சி. மோட்டாரின் வேகம் வோல்டேஜில் இல்லை, ஹேர்ட்ஸில், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதில் இருக்கிறது. அங்கே 60, இங்கே 50. நிமிடத்துக்கு 33⅓ சுற்று போக வேண்டிய தட்டு 28ஐக்கூட எட்டவில்லை. வயலின் பழகும் மகள் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, 5 கட்டைச் சுருதியில் இருக்க வேண்டியது 3 கட்டைக்கும் கீழே கிடக்குது என்றாள். கணக்கும் அப்படியே: ஆறுக்கு ஐந்து என்ற விகிதம், ஒரு சாதாரண காந்தாரம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று அரைச்சுரம், சரிவு. 50 ஹேர்ட்ஸுக்கென்று வேறு புல்லி போடக்கூடிய மாதிரிகளும் உண்டு, என்னுடையதற்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் பழைய டர்ன்டேபிள் தருகிறேன் என்றால் முதலில் மோட்டார் என்ன வகை என்று கேளுங்கள்.

இப்போது இருப்பது ஆடியோ டெக்னிகா எல்.பி.60 எக்ஸ். பொத்தானை அழுத்தினால் ஊசிக் கை தானே போய் இறங்கும், பக்கம் முடிந்தால் தானே திரும்பும். அம்மாவும் மகளும் பயமில்லாமல் பாவிக்கிறார்கள் என்றால் அதனால்தான். டி.சி. மோட்டார், அதனால் ஹேர்ட்ஸ் தொல்லை இல்லை. ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, ஆம்ப் உள்ளேயே உள்ள ஸ்பீக்கர் என்றால் நேரே கொடுக்கலாம். ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, அது தெரிந்துதான் வாங்கினேன். தினம் இருபது நிமிடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 120 மணிநேரம், இந்த வகைக் கூம்பு ஊசிக்கு 300 முதல் 500 மணிநேரம் என்று சொல்வார்கள், ஆகவே அடுத்த வருடம் மாற்றினால் போதும். ஒரே வருத்தம், இது 33, 45 சுற்று இரண்டுக்கும் மட்டும். பெரியப்பாவின் ஏழு 78 சுற்றுத் தட்டுகள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பூஞ்சணம்தான் கொழும்பில் பெரிய எதிரி. காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கலந்து, மென்துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்தால் போகும். 78க்கு மட்டும் அல்கஹோலைக் காட்டவே கூடாது, அது அரக்கு, கரைந்துவிடும். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், கடல்பக்கச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல்லும் போட்டிருக்கிறேன், ஆனால் அதைவிட உதவியது பேணிதான் என்று நினைக்கிறேன். தினமும் அலுமாரி திறபடுகிறது, ஒன்றைத் தேடப்போய் நாலு தட்டை உருவிப் பார்க்கிறோம், வெள்ளைப் புள்ளி தெரிந்த உடனே பிடிபடுகிறது.

சீட்டுகளில் ஒன்று, "இப்போது கையில் இல்லாத தட்டு." கடனாகக் கொடுத்து வராமல் போனதை யாராவது சொல்லித் திட்டட்டும் என்று விளையாட்டாக எழுதியது. அதை எடுத்தவர் அம்மா. வழக்கம் போல அறிவிப்பு செய்தார்: படம், பாடியவர்கள், இசை, தன்னுடைய அப்பா தன் பதினாறாவது பிறந்தநாளுக்குப் புறக்கோட்டையில் வாங்கித் தந்தது, 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போனது. பிறகு வானொலியில் போல, "இதோ பாடல்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். மூன்று நிமிடம் இருக்கும். அங்கிளும் அங்கேதான் இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஏழரைக்கு இருவரும் வழக்கமான கதிரைகளில் இருந்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஐந்தாம் மாதம் இது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது, விட்டுப்போன நாளுக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது ஞாயிறும் பௌர்ணமிப் போயா தினமும் லீவு, தவறவிட்ட நாளுக்குக் கணக்கு கிடையாது. போன் வழியாகப் பாட்டை அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம், அந்தத் தகரச் சத்தத்துக்குத் தட்டு தேவையில்லை. அறிவிப்பை மட்டும் அனுப்புவோம், பாட்டு அந்தந்த வீட்டிலேயே. இடையில் சேர்ந்த ஒருவர் எந்தச் சீட்டு வந்தாலும் புதிதாக இறக்குமதி செய்த விலை கூடிய தட்டைத்தான் காட்டுவார், விலையும் சொல்வார். தானாகவே விலகிவிட்டார், நாங்களும் தேடவில்லை.

163இல் 149 வெளியே வந்தாகிவிட்டது. முன்பு மாதம் ஒன்றாவது வாங்கிக்கொண்டிருந்தவன் போன வருடம் ஆறுதான் வாங்கினேன், இருப்பதே புதிதாகத் தெரிகிறதே.

கேட்கிறவர்களுக்குச் சீட்டுகள் எழுதித் தருகிறேன், ஏற்கெனவே இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். தட்டு மட்டும் இரவல் கிடையாது. ஒருவர் மூன்று கொண்டுபோய், ஒன்றின் உறையில் தேத்தண்ணிக் கோப்பை வட்டத்தோடு திருப்பித் தந்தார். அந்த உறைக்கும் இப்போது ஒரு சீட்டு எழுதிப் பேணிக்குள் போட்டிருக்கிறேன், அவர் வீட்டுக்கு வருகிற நாளில் வந்தால் நல்லது.