ஸ்டாடிஸ்டிக்ஸா, கால்குலஸா?

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) சேர்ந்து, பிறகு யூசி அல்லது கால் ஸ்டேட் என்ற மாநில அரசுப் பல்கலைக்கு மாற நினைக்கிறவர்களுக்கு முதல் குழப்பமே இதுதான். முன்பெல்லாம் சேரும்போது வைக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் சறுக்கினால், அடிப்படை அல்ஜீப்ராவிலேயே செமஸ்டர்கள் ஓடிவிடும். 2017-ல் கையெழுத்தான ஏபி 705 சட்டம் அதை மாற்றியது. இப்போது பள்ளி மதிப்பெண்ணை வைத்தே பெரும்பாலானோர் நேராக, பல்கலையில் செல்லுபடியாகும் வகுப்பில் உட்காரலாம்.

உளவியல், சமூகவியல், நர்சிங் பக்கம் போகிறவர்களுக்குப் பொதுவாக ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும். ஈஸி என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். கணக்கைக் கால்குலேட்டர் போட்டுவிடும். நாணயத்தை 100 முறை சுண்டி 60 தலை விழுந்தால் அது தற்செயலா, நாணயமே கோணலா என்பதை வாக்கியமாக எழுதுவதில்தான் திண்டாட்டம். நாணயம் சரியானதாகவே இருந்தால் இப்படியோ இதைவிடக் கோணலாகவோ விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பி-மதிப்பு; அதை விளக்கும் இடத்தில் மார்க் பறிபோகும்.

கால்குலஸ் வேறு ரகம். வகைக்கெழு (மாறும் வேகம்) கண்டுபிடிக்கும்போது சைனுக்குள் எக்ஸ் ஸ்கொயர் இருந்தால், சைனைக் கொசைனாக்கிவிட்டு 2 எக்ஸால் பெருக்க மறப்பவர்கள் ஏராளம். தினமும் கை பழகாமல் நகராது. சொல்லப்போனால் பலரைக் கவிழ்ப்பது கால்குலஸே அல்ல, பின்னங்களும் திரிகோணவியலும்தான். என்ஜினீயரிங், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் வேறு வழியில்லை, இரண்டாம் கால்குலஸும் வரிசையில் நிற்கும்.

பிசினஸ் படிப்புக்குத்தான் இடத்துக்கு இடம் மாறும். சில கேம்பஸ்களில் இரண்டையும் கேட்பார்கள். எந்த வகுப்பு எந்தப் பல்கலையில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) தளத்தில் உங்கள் கல்லூரியையும் போகவேண்டிய கேம்பஸையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.